பிள்ளைகளைப் பாலியல் தொல்லையிலிருந்து காப்பது: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவை

பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இந்த விஷயத்தைப் பேசப் போவதுண்டு. எல்லோர் முன்னாலும் எழுந்து கேட்பவர்கள் குறைவு. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒருவர் ஒதுங்கி வந்து கேட்பார். அவர் போனதும் இன்னொருவர் வந்து அதையே கேட்பார். அப்படிச் சேர்ந்த கேள்விகள் இவை. கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் இந்தியாவுக்கு உரியவை, அலுவலக விவரங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கு உரியவை.

எம் பொண்ணுக்கு மூணு வயசுதான் ஆகுது. இந்த வயசுல போயி என்னத்தப் பேசுறது?

தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டியதில்லை. குளிப்பாட்டும்போது கை, கால், முதுகு என்று சொல்லிக்கொண்டே வருகிறோமே, அந்த வரிசையில் மார்பு, பெண்ணுறுப்பு, பின்பக்கம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் செல்லப் பெயர் புழங்கினால் இருக்கட்டும், கூடவே வெளியாளுக்கும் புரிகிற பெயர் ஒன்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ‘மாமா என் பூவைத் தொட்டாங்க’ என்று டீச்சரிடம் சொன்னால் டீச்சர் தலையில் இருக்கும் பூவைத்தான் பார்ப்பார். இன்னொன்று, ஜட்டி போடாமல் ஓடும் பிள்ளையைப் பார்த்து ‘ஷேம் ஷேம்’ என்று கை தட்டுகிறோம். அதை நிறுத்திவிடுங்கள். அது அசிங்கமான இடம் என்று பழக்கிவிட்டால், அங்கே ஏதாவது நடந்தால் பிள்ளை வாயைத் திறக்காது.

விதி ஒன்றே போதும்: ஜட்டிக்குள் இருப்பதை யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது, மற்றவர்களுடையதை நீயும் பார்க்கவோ தொடவோ வேண்டாம். கழுவிவிடுகிறவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். டாக்டர் பார்த்தால் அப்போது அம்மாவோ அப்பாவோ கூட இருப்பார்கள் என்றும் சொல்லுங்கள். எத்தனை சீக்கிரம் பிள்ளை தானே கழுவிக்கொள்ளப் பழகுகிறதோ அத்தனைக்கு நல்லது.

குட் டச், பேட் டச் ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்துட்டாங்களே. அது போதாதா?

தொடக்கத்துக்குச் சரி. ஆனால் ‘கெட்ட தொடுதல் வலிக்கும், பிடிக்காது’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை குழம்பிவிடும். தொடுகிறவர் பிரியமான ஆளாக இருக்கலாம், வலிக்காமலும் இருக்கலாம், கிச்சுகிச்சு மூட்டுவது போலக்கூட இருக்கலாம். அதனால் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதை விட்டுவிட்டு எந்த இடம் என்பதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தொடாமலேயும் தொல்லை நடக்கிறது: ஆபாசப் படம் காட்டுவது, துணியைக் கழற்றச் சொல்வது, போட்டோ எடுப்பது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான போக்சோ சட்டத்தில் இவையும் குற்றம்தான்.

‘நோ சொல்லு, கத்து, ஓடு’ என்று பாட்டாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால் பெரும்பாலான பிள்ளைகள் உறைந்துதான் போவார்கள். அப்புறம் ‘நான் கத்தலையே, அப்ப என் தப்புதான்’ என்று உள்ளுக்குள் வைத்துக்கொள்வார்கள். ஆகவே கூடவே இதையும் சொல்லிவையுங்கள்: கத்த முடியாமல் போனாலும் பரவாயில்லை, எத்தனை நாள் கழித்து வேண்டுமானாலும் சொல்லலாம், உன்னைத் திட்டமாட்டேன்.

எனக்கு ரெண்டும் பையன். நமக்கெதுக்கு இந்தக் கவலை?

மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டிருந்தார்கள். ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பையன்கள் பெண் பிள்ளைகளைவிடச் சற்று அதிகம். 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் ஆண், பெண் பேதமில்லாமல் குழந்தை என்றே கொள்கிறது.

பையன்கள் சொல்வது இன்னும் குறைவு. ‘ஆம்பளப் புள்ள அழுவலாமா’ என்று வளர்த்துவிட்டு, இதை மட்டும் வந்து சொல்வான் என்று எதிர்பார்க்க முடியாது.

தெரியாதவங்க குடுத்தா எதையும் வாங்காதேன்னு கண்டிச்சு வெச்சிருக்கேன். வேற என்ன செய்யணும்?

அது வேண்டியதுதான், ஆனால் கவனம் இருக்க வேண்டிய இடம் வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், போக்சோ சட்டத்தின் கீழ் வரும் கடுமையான வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் செய்தவர் தெரிந்தவர்தான். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார், அப்பாவின் நண்பர், அண்ணனின் நண்பன்.

தெரிந்தவர் முதல் நாளே தொடுவதில்லை. முதலில் வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கையைச் சம்பாதிப்பார். ‘நான் பார்த்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க’ என்று கேட்காமலே உதவிக்கு வருவார். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாகப் பரிசு, தனியாகப் போனில் கேம். அப்புறம் சின்னச் சின்ன மீறல்கள்: கதவைத் தட்டாமல் உள்ளே வருவது, இரட்டை அர்த்தப் பேச்சு, ‘இது நமக்குள்ள இருக்கட்டும்’ என்று ஓர் அற்ப ரகசியம். பிள்ளை அதை வீட்டில் சொல்கிறதா என்று பார்ப்பதற்கான சோதனை அது. உதவி செய்கிற எல்லோரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. தனிமை, ரகசியம், தனிப் பரிசு மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் குறுக்கே போய் நில்லுங்கள். சங்கடமாக இருந்தால் இருக்கட்டும்.

‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்று யார் சொன்னாலும் அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பது வீட்டுப் பழக்கமாகட்டும். அது பலிக்க வேண்டுமானால், பென்சில் தொலைத்ததையும் ஐஸ்கிரீம் தின்றதையும் சொல்லும்போது நாம் கத்தாமல் கேட்டிருக்க வேண்டும். சின்ன விஷயத்தில் அடி வாங்கிய பிள்ளை பெரிய விஷயத்தோடு வராது.

எங்க மாமனார் முத்தம் கேக்குறார், பாப்பா மாட்டேங்குறா. கட்டாயப்படுத்தலன்னா பெரியவர் மனசு நோகாதா?

நோகும். ரெண்டு நாளில் சரியாகிவிடும். முன்கூட்டியே அவரிடம் காரணத்தைச் சொல்லிவையுங்கள், வணக்கமோ கைத்தட்டலோ போதும் என்று பிள்ளைக்கும் ஒரு வழி கொடுங்கள். பெரியவர் ஆசைப்பட்டால் உன் உடம்பைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நாமே பழக்கக் கூடாது. கிச்சுகிச்சு மூட்டும்போதும் ‘போதும்’ என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

வேன், டியூஷன், கராத்தே கிளாஸ்னு அனுப்பித்தானே ஆகணும்? எதை நம்பி அனுப்புறது?

ஆளை நம்பி அனுப்பாதீர்கள், ஏற்பாட்டைப் பார்த்து அனுப்புங்கள். வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்திருக்கிறதா? சொல்லாமல் கொள்ளாமல் நீங்கள் போய் நின்றால் அனுமதிப்பார்களா? வேனில் முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் உங்கள் பிள்ளையா, அந்த நேரத்தில் கூட யார்? பள்ளிப் பேருந்தில் உதவியாளர் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. நாமே பேசி அமர்த்தும் ஆட்டோவில் அதைக் கேட்க ஆள் இல்லை, நாம்தான் பார்க்க வேண்டும். பள்ளியில் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி இருக்கிறதா, யார் திறந்து படிக்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். மாணவர்களுக்கான 14417 உதவி எண்ணையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சொந்தக் கட்டடத்துக்குள் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2018-இல் சென்னை அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், செவித்திறன் குறைந்த சிறுமியைப் பல மாதங்கள் சீரழித்தவர்கள் அதே கட்டடத்தில் வேலை பார்த்த ஆட்கள். 2020 பிப்ரவரியில் போக்சோ நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. காது கேளாத, பேச முடியாத, அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளைத் தேடி வருகிறவர்கள் உண்டு, சொல்லமாட்டார்கள் என்ற தைரியம்தான். அந்தப் பிள்ளைகளுக்கு உடல் உறுப்புகளைப் படமாகவோ சைகையாகவோ சொல்லிக் கொடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

பிள்ளையோட நடவடிக்கைய வெச்சே கண்டுபிடிச்சிரலாமா?

உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பல பிள்ளைகள் எதையுமே காட்டிக்கொள்வதில்லை. திடீர் மாற்றத்தைக் கவனியுங்கள்: படுக்கையில் சிறுநீர் கழிப்பது நின்றுபோன பிறகு மறுபடி வருவது, குறிப்பிட்ட ஒருவர் வந்தால் ஒளிந்துகொள்வது, ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் வயிற்றுவலி, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சோ விளையாட்டோ, கணக்கில் வராத காசும் பொருளும். அந்தரங்க இடத்தில் வலி, புண், கசிவு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் ‘யாராவது தொட்டாங்களா, சொல்லு’ என்று உலுக்காதீர்கள். ‘கொஞ்ச நாளா டல்லா இருக்கியே, என்னாச்சு?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

போன்ல யாரோ பழகி, பையன்கிட்ட போட்டோ வாங்கிட்டான். இப்ப மிரட்டுறான். என்ன பண்றது?

முதலில் போனைப் பிடுங்காதீர்கள். ‘சொன்னா போனை வாங்கிருவாங்க’ என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் மிரட்டலைத் தாங்கிக்கொள்கிறார்கள். காசும் கொடுக்க வேண்டாம், இன்னொரு படமும் அனுப்ப வேண்டாம். கேட்டதைக் கொடுத்தால் மிரட்டல் கூடத்தான் செய்யும். மிரட்டல் உரையாடல், கணக்கின் பெயர், எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அந்தக் கணக்கைத் தடை செய்யுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் ‘ஆதாரம்’ என்று உறவினருக்கோ வாட்ஸாப் குழுவுக்கோ அனுப்பிவிடாதீர்கள், அதுவே குற்றமாகிவிடும். அத்தகைய படங்களை வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றமே என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு முன் வேறு விதமாகச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்து வந்த தீர்ப்பு அது.

தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உண்டு. படத்தை எங்கும் ஏற்றாமல் அதற்கு ஓர் அடையாளக் குறியீடு மட்டும் உருவாக்கி, அதில் சேர்ந்துள்ள சமூக ஊடகங்களுக்கு அனுப்புவார்கள்.

பிள்ளை வந்து சொல்லிருச்சு. அந்த நிமிஷம் நான் என்ன செய்யணும்?

உட்காருங்கள். முகத்தில் அதிர்ச்சி தெரியத்தான் செய்யும், கோபம் தன்மேல் என்று பிள்ளை நினைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ‘நீ சொன்னது நல்லது. உன்மேல தப்பே இல்ல. நான் நம்புறேன்.’ இந்த மூன்றும் போதும். ‘ஏன் முன்னாடியே சொல்லல’, ‘நீ ஏன் அங்க போன’ இரண்டும் வாயில் வரவே கூடாது. ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. ‘உதவி செய்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன்’ என்று சொல்லுங்கள்.

துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அத்தை, பெரியப்பா, பக்கத்து வீட்டம்மா என்று ஒவ்வொருவர் முன்னாலும் நிறுத்தி மறுபடி சொல்ல வைக்கவும் வேண்டாம். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். ஆத்திரத்தில் அந்த ஆள் வீட்டுக்குப் போய் சண்டை போட்டால் அவர் சுதாரித்துக்கொள்வார், பிள்ளையும் மிரண்டுபோகும். 1098-க்குக் கூப்பிடுங்கள், குழந்தைகளுக்கென்று 24 மணி நேரமும் இயங்கும் இலவச உதவி எண். உடனடி ஆபத்து என்றால் 112.

நடந்து மூன்று நான்கு நாள்தான் ஆகிறது என்றால் குளிப்பாட்டாமல், அப்போது போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளிப்பாட்டிவிட்டீர்கள் என்றாலும் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். வழக்குப் பதிவாகும் முன்பே பரிசோதனை செய்யலாம். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். தனியார் மருத்துவமனையும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்பது சட்டம். விரல் விட்டுப் பார்க்கும் சோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் மறுபடியும் கண்டித்திருக்கிறது. யாராவது ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

மொதல்ல சொன்னா, இப்ப ‘அப்படி ஒண்ணும் நடக்கல’ங்குறா. அப்ப பொய்தானா?

சொல்லிவிட்டுப் பின்வாங்குவது சகஜம். அம்மா அழுகிறாள், அப்பா சாப்பிடவில்லை, பாட்டி ‘குடும்ப மானம்’ என்கிறாள். எல்லாம் தன்னால்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. பின்வாங்கிய உடனே நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டால் அது அத்தோடு வாயை மூடிவிடும். நடந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுக்கு இல்லை, பயிற்சி பெற்றவர்கள் கேட்கட்டும். நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. தவறான தகவல் தந்ததாகக் குழந்தைக்குத் தண்டனை கிடையாது.

செஞ்சது என் வீட்டுக்காரரோட தம்பி. கேஸ் வேணாம், பேசி முடிச்சிக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க...

பேசி முடிக்கிற வழக்கு இல்லை இது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ பெறத்தக்க குற்றம். பெற்றோருக்கும் விலக்கு இல்லை, பள்ளி போன்ற நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. செய்தவர் உறவினர் என்றால் தண்டனை கூடும்.

சட்டத்தை விடுங்கள். ‘இனிமே அவன் வரமாட்டான்’ என்ற ஏற்பாடு அடுத்த கல்யாணப் பத்திரிகை வரும்வரைதான் நிற்கும். அங்கே பந்தியில் எதிரே அவன் உட்கார்ந்திருப்பான், சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பிள்ளை பார்க்கும். மற்ற பிள்ளைகளும் அந்த வீட்டில் இருப்பார்கள். செய்தவர் ஒரே வீட்டில் இருந்தால் போலீசார் 24 மணி நேரத்துக்குள் பிள்ளைகளின் பாதுகாப்பை முடிவு செய்யும் மாவட்ட அமைப்பான குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், பிள்ளை எங்கே பாதுகாப்பாக இருக்கும் என்பதைக் குழு மூன்று நாளில் முடிவு செய்யும். அங்கே போகும்போது, அந்த ஆள் இல்லாத இடத்தில் பிள்ளையும் நீங்களும் தங்க வழி இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

ஸ்டேஷனுக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போனா பேரு வெளிய வந்துராதா?

பிள்ளை ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்கலாம், கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல், நீங்கள் கூட இருக்க. இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. புகாரை நீங்கள் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கலாம், எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

பெயர், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. பெரும்பாலும் கசிவது தெருவிலிருந்தும் சொந்தக்காரர்களிடமிருந்தும்தான், அதனால் எத்தனை பேருக்குச் சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். நீதிமன்றத்தில் மூடிய அறையில் விசாரணை, குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. ஓராண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் பல வழக்குகள் அதைத் தாண்டுகின்றன. அந்தக் காலம் முழுக்கக் கூட வர ‘ஆதரவு நபர்’ ஒருவரைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டுப் பெறலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

துணி மேலதான் தொட்டான். காயம்கூட இல்ல. இதுக்கெல்லாம் கேஸ் நிக்குமா?

நிற்கும். தோலோடு தோல் பட்டால்தான் பாலியல் தாக்குதல் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொன்னதை 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாலியல் நோக்கம்தான் முக்கியம் என்றது.

செஞ்சது எங்க அக்கா பையன், அவனுக்கே பதிமூணு வயசுதான். அவனையும் ஜெயில்ல போட்டுருவாங்களா?

ஒரே வயதுச் சின்னப் பிள்ளைகள் ஆர்வத்தில் ஒருவரையொருவர் எட்டிப் பார்ப்பது உண்டு. ‘வேணாம்டா’ என்றால் நின்றுவிடும், அதில் பயம் இருக்காது. வயது இடைவெளி, மிரட்டல், ரகசியம், திரும்பத் திரும்ப நடப்பது இருந்தால் அது வேறு. மறைப்பது பற்றி மேலே சித்தப்பா விஷயத்தில் சொன்னது இங்கும் பொருந்தும். ஆனால் 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறை கிடையாது. சிறார் வழக்குகளுக்கென்று உள்ள இளைஞர் நீதிக் குழுமம் விசாரித்துப் பெரும்பாலும் ஆலோசனை, மேற்பார்வை என்றுதான் போகும். 16 வயதைத் தாண்டியவர் கொடுங்குற்றம் செய்தால் மட்டும் பெரியவர் போல விசாரிக்க வழி உண்டு. அந்தப் பையனுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். சில நேரம் அங்கே இன்னொரு பாதிக்கப்பட்ட பிள்ளை இருக்கும்.

பொண்ணுக்குப் பதினேழு. ஒருத்தன்கூட சுத்துறா. போக்சோல உள்ள தள்ளிரலாம்ல?

இதைக் கேட்கும் குரலில் பெரும்பாலும் சாதி ஒளிந்திருக்கும். சட்டத்தில் சம்மத வயது 18, அதனால் அவள் விரும்பியிருந்தாலும் உடலுறவு குற்றமே. ஆனால் வழக்குப் போட்டால் நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்லப்போவது உங்கள் மகள். வயதில் நெருங்கிய இருவரின் காதல் வழக்கு ஒன்றை 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, இப்படிப்பட்டவர்களைத் தண்டிக்க வந்ததில்லை இந்தச் சட்டம் என்றது. அந்த ஆள் பத்து வயது மூத்தவர், படத்தை வைத்து மிரட்டுகிறார், தோழிகளிடமிருந்து பிரிக்கிறார் என்றால் அது காதல் கணக்கில் வராது, மேலே சொன்ன வழிகள் எல்லாம் பொருந்தும். எது என்று தெரிய அவளிடம் பேச வேண்டும். வீட்டுக்குள் பூட்டிவைத்தால் பேசமாட்டாள்.

எனக்கே சின்ன வயசுல நடந்திருக்கு. இப்ப எம் பொண்ண எங்கயும் விடவே பயமா இருக்கு.

கூட்டத்துக்குப் பிறகு தனியாக வருபவர்களில் பலர் சுற்றி வளைத்துக் கடைசியில் வந்து சேரும் கேள்வி இது. அந்தத் தொல்லைக்கு ஆளானவர்களுக்குப் பயம் அதிகமாக இருப்பது இயல்புதான். பூட்டிவைப்பதால் பிள்ளை பாதுகாப்பாகிவிடாது, தொல்லை பெரும்பாலும் வரும் திசையை மேலே பார்த்தோம். பிள்ளையோடு இதைப் பேசும்போது உங்களுக்குத் தொண்டை அடைத்தால், முதல் சில தடவை கணவரோ அக்காவோ பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

உங்களுக்காகவும் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். சென்னையில் ‘துளிர்’ போன்ற அமைப்புகள் இதற்கென்றே வேலை செய்கின்றன. போக்சோ குற்றங்களுக்குப் புகார் கொடுக்கக் காலக்கெடு இல்லை, வளர்ந்த பிறகும் கொடுக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த 2012 நவம்பருக்கு முன் நடந்தது என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் கீழ் வரும், அதற்கு ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். அந்த ஆள் இன்னும் பிள்ளைகள் நடுவே இருந்தால் மட்டும், இப்போது நடப்பதாகத் தெரிவதை 1098-இல் சொல்லிவிடுங்கள்.